சைவத்துக்கு மாறிய சால்மன்

நார்வேக்காரர்கள் கடலுக்குள்ளேயே பெரிய பெரிய வலைக் கூண்டு கட்டி சால்மன் வளர்க்கிறார்கள். சால்மன் பிறவி அசைவம். சின்ன மீனைத் துரத்தித் தின்கிற ரகம். எனவே 1990-ல் அதற்குப் போட்ட தீவனத்தில் 65 சதவிகிதம் மீன் தூள், 24 சதவிகிதம் மீன் எண்ணெய். அதாவது, மீனுக்கு மீனே சாப்பாடு!

உலகத்திலேயே அதிகமாக மீன் தூள் தயாரிக்கிற நாடு பெரு. நம்ம நெத்திலிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒரு மீன் அங்கே கிடைக்கிறது. நாலு நாலரை கிலோவை வேகவைத்து, பிழிந்து, காயவைத்து அரைத்தால் ஒரு கிலோ தூள் தேறும். எல் நினோ வந்து கடல் சூடானால் போச்சு. 2023-ல் வலையில் விழுவதெல்லாம் குஞ்சாக இருக்கிறதே என்று, முதல் சீசன் மீன்பிடிப்பையே ரத்து செய்தது பெரு அரசு. இப்படி ஒரு சரக்கை நம்பி எவன் சார் தொழில் நடத்துவான்?

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'ஃபிஃபோ' என்றால், முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே. மீன் பண்ணை ஆசாமிகளுக்கும் ஒரு ஃபிஃபோ உண்டு: மீன் உள்ளே, மீன் வெளியே. ஒரு கிலோ வளர்ப்பு மீன் எடுக்க எத்தனை கிலோ கடல் மீன் செலவு என்ற கணக்கு. அது ஒன்றைத் தாண்டினால், கடலுக்குப் பற்று, நமக்கு வரவு. எத்தனை நாளைக்கு?

நல்லவேளை, சால்மனுக்கு மீனே வேண்டும் என்று கட்டாயமில்லை. அதன் உடம்பு கேட்பது அமினோ அமிலங்களை. அது சோயாவிலும் இருக்கிறது. சரி என்று சோயா பிண்ணாக்கை அள்ளிப் போட்டால், சால்மனுக்குக் கடைக்குடலில் அழற்சி! முக்கியக் குற்றவாளி, சாப்பனின். (சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருகிறதே, அந்தச் சமாசாரம்தான். அதைத் தினமும் தின்றால் நமக்கு மட்டும் சும்மா இருக்குமா?) ஆல்கஹால் கலந்த தண்ணீரில் சோயாவை அலசினார்கள். சாப்பனின் போயிற்று. 60 சதவிகிதத்துக்கு மேல் புரதம் உள்ள மாவு மிஞ்சியது. சோயாவில் மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் கொஞ்சம் கம்மி. அதைத் தனியாகச் சேர்த்தார்கள். சால்மன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு வளர்ந்தது.

2013-ல் நார்வே தீவனத்தில் மீன் தூள் வெறும் 18 சதவிகிதம். தாவரப் புரதம் 37.

அப்பாடா என்று உட்கார்ந்தால், அடுத்த வில்லங்கம் பிரேசிலில். சோயா மாவில் பெரும்பகுதி வந்தது அங்கிருந்துதான். கடலைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று காட்டை அழிப்பதா? சால்மன் கம்பெனிகள் நெருக்க, அவர்களுக்கு சோயா சப்ளை செய்யும் பிரேசில் கம்பெனிகள் 2021-ல் இறங்கி வந்தன: 2020 ஆகஸ்டுக்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம், விற்க மாட்டோம்!