டப்பாவுக்குள் எவ்வளவு பெருங்காயம்?

"கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, எதைக் கூட்டுகிறார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாவைத்தான். கோதுமை மாவோ அரிசி மாவோ, கூடவே வேலம்பிசின். சுத்தப் பெருங்காயத்தின் நெடி அப்படி. துளி கூடினாலும் ரசம் கசந்துவிடும். கை அளவுக்குப் போட மாவு வேண்டியிருக்கிறது. ஆப்கானிஸ்தான், இரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வரும் பிசினை இப்படிப் பக்குவம் செய்வதற்கே பேர்போன ஊர், உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ்.

செடி கேரட், கொத்தமல்லி குடும்பத்தைச் சேர்ந்தது. வறண்ட மலைச்சரிவில் நாலைந்து ஆண்டு வேரைப் பருக்கவைத்து, ஒரே ஒரு முறை பூத்துச் செத்துப்போகும். பூப்பதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வேரைச் சுற்றி மண்ணைப் பறித்து, தலையைச் சீவிவிட்டு, வெயில் படாமல் மூடிவைக்கிறார்கள். பால் கசிந்து பழுப்பாக இறுகும். அதைச் சுரண்டி எடுத்தபின் மறுபடி ஒரு மெல்லிய சீவல், மறுபடி பால். இப்படியே வாரக்கணக்கில் நடக்கும். 1680களில் பாரசீகத்துக்குப் போன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர் இந்த வேலையை நேரில் பார்த்து விரிவாக எழுதிவைத்தார்.

விசித்திரம் அதன் நாற்றத்தில்தான் இருக்கிறது. பச்சையாக முகர்ந்தால் மூக்கைப் பொத்தவைப்பவை கந்தகச் சேர்மங்கள். அதையே காய்ந்த எண்ணெயில் போட்டால், வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாசனை. அந்த இரண்டையும் தொடாத சமணர், வைணவர் சமையலில் பெருங்காயம் இத்தனை செல்வாக்குப் பெற்றது சும்மா இல்லை. கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்துப் பாருங்கள்: கல்போல் இருந்தது உப்பி, பொறுபொறுவென்று ஆகி, விரலால் நசுக்கினாலே பொடியாகும். இந்த வேலைக்குச் சோம்பித்தான் பல வீடுகளில் கட்டி காணாமல்போனது. நஷ்டம் சாம்பாருக்கு.

வாயுவுக்கு இது கைகண்ட மருந்து என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். திரிகடுகம், ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகத்தோடு பெருங்காயமும் சேர்ந்த எட்டுச் சரக்குதான் அஷ்ட சூரணம். ஆனால் கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் கரைத்துப் புகட்டுவது ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

கோதுமை ஒவ்வாதவர்கள் சோறும் ரசமும்தானே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எடையில் அதிகமானதைத்தான் முதலில் அச்சிடுவார்கள். பல டப்பாக்களில் பெருங்காயத்துக்கு முன்னால் மாவு நிற்கும்.