இருவர் அமரும் இலகு விமானத்தின் இறக்கைப் பரப்பு: ஒரு விளக்கம்

இருவர் அமரும் இலகு விமான வடிவமைப்பில் இறக்கையின் பரப்பை விதிகளின் இரண்டு எண்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒன்று, புறப்படும்போது இருக்கத்தக்க உச்ச எடை. மற்றொன்று, இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகத்திற்கான வரம்பு. இவ்விரண்டும் பரப்பை முடிவுசெய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவிய வரம்பு 450 கிலோ, மணிக்கு 65 கி.மீ. (35 நாட்). இறக்கை மடல்களை இறக்கிய நிலையில் தூக்குவிசைக் கெழு 2.0 எனவும், காற்றின் அடர்த்தி கடல்மட்ட அளவான 1.225 எனவும் கொண்டால், தேவைப்படும் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர். 2018ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை, உறுப்பு நாடுகள் விரும்பினால் 600 கிலோ, 45 நாட் (மணிக்கு 83 கி.மீ.) வரை தம் பொறுப்பில் ஏற்க இடமளித்தது. அதே கெழுவுக்கு இப்போது 9 சதுர மீட்டர் போதும். எடை கூடிய விமானத்திற்குச் சிறிய இறக்கை! தூக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளர்வதே காரணம்.

அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு இலகு விளையாட்டு விமான விதியும் 600 கிலோ, 45 நாட் என்றே வகுத்தது. ஆனால் வேகத்தை மடல்களின் துணையின்றிக் கணிக்கவேண்டும் என்றது. கெழு 1.45 அளவுக்குக் குறைவதால் பரப்பு 12 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு சொற்றொடர் இறக்கையை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கிவிடுகிறது.

450 கிலோ வரம்பின் உண்மையான நெருக்கடி எடைக்கணக்கில் உள்ளது. தலா 85 கிலோ எடையுள்ள இருவர், 70 லிட்டர் பெட்ரோல் என இவை 220 கிலோவாகும். எஞ்சும் 230 கிலோவில், 80 குதிரைத்திறன் ரோடாக்ஸ் 912 இயந்திரம் மட்டுமே 60 கிலோ அளவில் எடுத்துக்கொள்ளும். உடற்கூடு, இறக்கை, சக்கர அமைப்பு, கருவிகள் அனைத்தும் மீதியில் அடங்கவேண்டும். அடங்காதபோது எரிபொருளைக் குறைக்கவேண்டும். அல்லது வரம்பை மீறிப் பறக்கும் ஆபத்து நேரும்.

புதிய வரம்பு இந்நெருக்கடியைத் தளர்த்தினாலும், இறக்கையை 9 சதுர மீட்டராகச் சுருக்குவது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. தரைதொடும்போது இயக்க ஆற்றல் பழைய விமானத்தினதைப்போல் 2.2 மடங்காகிறது. 11 சதுர மீட்டரையே தக்கவைத்தால் தூக்குவிசை இழப்பு வேகம் மணிக்கு 75 கி.மீ. அளவிலும், ஆற்றல் 1.8 மடங்கிலும் நிற்கும். ஒற்றை இயந்திரம் நின்று வயலில் இறங்க நேர்கையில் இருக்கையில் உள்ளவர்கள் தாங்கவேண்டிய அதிர்ச்சியை இந்த வேறுபாடு குறைக்கும். பெரிய இறக்கையால் பயண வேகம் சற்றுக் குறையும்.