பறக்கும் ரயிலும் பழைய பெட்டியும்

காந்தியடிகள் 1917-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். டிக்கெட் விலை 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில் வழி நெடுகப் பெரும்பாலும் 35 பேருக்குக் குறையாமல் இருந்தார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்து, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது வேகம் அல்ல. உட்கார இடமும் சுத்தமுந்தான்.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2017 செப்டம்பர் 14-ந்தேதி, அவர் ஆசிரமம் அமைத்து வாழ்ந்த அதே சபர்மதியில், நம் பிரதம மந்திரி மோடியும் ஜப்பானியப் பிரதமர் ஷின்ஸோ ஆபேயும் மும்பை–ஆமதாபாத் அதிவேக ரயிலுக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். தூரம் 508 கிலோமீட்டர், ஸ்டேஷன்கள் 12, வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர். அப்போது போட்ட மதிப்பு ஏறக்குறைய 1,08,000 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு இருநூறு கோடிக்கு மேல்!

கல் நாட்டிய பதினைந்தாம் நாள், செப்டம்பர் 29-ந்தேதி காலையில், மும்பையில் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகலான நடைபாலத்தில் ஜனங்கள் மழைக்கு ஒதுங்கி நெரிந்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். வேலைக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். ஒரு படிக்கட்டு இன்னும் கொஞ்சம் அகலமாயிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

இவ்விரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எவருக்கும், "இத்தனை பணத்தைக் கொட்டிப் பறக்கும் ரயில் எதற்கு?" என்று தோன்றாமலிராது. நமக்கும் தோன்றியது. கோபம் வருவது நியாயமே. ஆனால் கோபத்தில் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாக வருவதில்லையாகையால், இந்த வித்தையை முதலில் செய்து பார்த்த தேசத்தின் கதையைச் சற்றுக் கவனிப்போம்.

ஜப்பான் தேசத்தார் ஏதோ வேக வெறி பிடித்து அதிவேக ரயில் போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. டோக்கியோவுக்கும் ஒஸாகாவுக்கும் இடையிலிருந்த பழைய பாதை 3 அடி 6 அங்குலக் குறுகிய பாதை. தேசத்து ரயில் போக்குவரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த ஒற்றை வழியில்தான் நெரிந்துகொண்டிருந்தது. இன்னொரு பாதை போட்டே தீரவேண்டும் என்ற நிலை வந்தபோது, போடுகிறதை அகலமாகவும் நேராகவும் போட்டுவிடுவோம் என்றார்கள். ஆகவே, வேகம் பின்னால் வந்த லாபம். இடம்தான் முதல் தேவை.

செலவு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று! ரயில்வேத் தலைவர் ஸோகோ ஷின்ஜியும் பிரதம இஞ்சினீயர் ஷிமா ஹிடியோவும் 1963-ல் பதவியை விட்டுப் போனார்கள். 1964 அக்டோபர் 1-ந்தேதி முதல் வண்டி புறப்பட்டபோது இருவரும் பதவியில் இல்லை. கல்யாணச் செலவை ஏற்றுக்கொண்டவர் முகூர்த்தத்துக்கு இல்லாமற்போன கதைதான்! ஆனால் ஆறரை மணி நேரப் பிரயாணம் நாலு மணியாகி, மறு வருஷமே மூன்று மணி பத்து நிமிஷமாயிற்று. பெரிய ஊர்கள் அடுத்தடுத்து நெருங்கிய வழியாதலால் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பாதை லாபம் கொடுத்தது. துரித வண்டிகள் புதுப் பாதைக்குப் போனதால் பழைய பாதையில் சரக்கு வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1981-ல் பாரிஸிலிருந்து லியோனுக்குப் புதுப் பாதை போட்டதற்கும் நெருக்கடிதான் காரணம். அவர்கள் ஒரு படி சாமர்த்தியசாலிகள். பழைய பாதையின் அகலத்திலேயே புதியதையும் அமைத்ததால், வேக வண்டி லியோனைத் தாண்டிப் பழைய தண்டவாளத்திலும் போகிறது.

நம் திட்டத்தில் இந்தச் சௌகரியம் இல்லை. நம் ரயில்பாதை 5 அடி 6 அங்குலம். புதிதாகப் போடுவதோ ஜப்பானிய முறைப்படி 4 அடி 8½ அங்குலம். ஆமதாபாத்தை அடைந்த வண்டி டில்லி பக்கம் ஓர் அடி கூட நகர முடியாது. இதை ஒரு பெருங் குறையாகவே நாம் எண்ணுகிறோம். அந்த 508 கிலோமீட்டரும் தன் காலில் தானே நின்றாக வேண்டும்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. செலவில் 81 சதவிகிதத்தை ஜப்பான் நூற்றுக்கு 0.1 வட்டியில், ஐம்பது வருஷத் தவணையில் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் பதினைந்து வருஷம் அசலைத் தொட வேண்டியதில்லை. மாமனார் கூட இவ்வளவு இலேசாகக் கொடுக்கமாட்டார்! ஆனால் கடன் யென் நாணயத்தில் இருக்கிறது. ரூபாயின் மதிப்பு இறங்கினால் திருப்பிக் கொடுக்கும் பாரம் ஏறும். 2022-லேயே வண்டியை ஓட்டிவிட வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். பிறகு நிலம் எடுப்பதில் தாமதம். முதல் பகுதி 2027-ல் திறக்கப்படும் என்று சர்க்கார் 2025-ல் சொன்னார்கள். தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு.

இந்த வண்டியில் ஏறுகிறவர் இன்றைய துரித வண்டியின் ஐந்தரை மணியில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்துவார். பாந்திரா பக்கத்தில் இறங்கி, மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை மின்சார ரயில் நெரிசலில் செலவழித்துக்கொண்டு வீடு போய்ச் சேருவார். அவருக்கு நம் வாழ்த்து. ஆனால் ஐம்பது வருஷம் கடனை அடைக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறப் போவதில்லை. அவர்களுக்கு இதில் பங்கு உண்டா என்பதே கேள்வி.

பங்கு உண்டு என்பது நம் அபிப்பிராயம்; ஆனால் அது புதுப் பாதையில் இல்லை, பழைய பாதையில் இருக்கிறது. புது வண்டி ஓடத் தொடங்கியதும் பழைய பாதையில் சில துரித வண்டிகளுக்கு வேலை குறையும். அந்த நேரமும் தண்டவாளமும் யாருக்கு? இன்னும் சில குளிர்சாதன வண்டிகளுக்கா, அல்லது முன்பதிவில்லாத பெட்டியில் ஒற்றைக் காலில் நிற்பவருக்கா? 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர்தான் போயிற்று, 35 பேர் இன்னும் இருக்கிறார்கள்.

சென்னை–மைசூர் உட்பட வேறு அதிவேகப் பாதைகளைப் பற்றியும் பிரஸ்தாபம் நடந்திருக்கிறது. அவற்றில் கை வைக்குமுன், முதல் பாதை திறக்கும் நாளில் பழைய பாதையில் எத்தனை சாதாரண வண்டிகள் கூடும், எத்தனை முன்பதிவில்லாத பெட்டிகள் சேரும், எந்தெந்த நடைபாலம் அகலமாகும் என்று ஓர் அட்டவணை தயாரித்து ரயில்வே இலாகா பிரசுரிக்கட்டும். அதற்கு ஜப்பானிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.