காற்றுவேகமானியின் அளவுத்திருத்தமும் கம்பம் பள்ளத்தாக்கின் காற்றாலைகளும்

காற்றுவேகமானி என்பது காற்று வீசும் வேகத்தை அளக்கும் கருவி. அது காட்டும் எண்ணை நம்பத்தகுந்த வேறோர் அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது அளவுத்திருத்தம் எனப்படும். தேனி மாவட்டத்தில் இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் வேலை அல்ல. கம்பம் கணவாய் வழியே வரும் காற்றை நம்பி ஆண்டிபட்டி, உத்தமபாளையம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றை எங்கே நடுவது, பலத்த காற்றில் எப்போது நிறுத்துவது என்ற இரண்டு முடிவுகளும் இந்தச் சிறு கருவியைச் சார்ந்தவை.

பள்ளத்தாக்கின் காற்று

தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பெயர்பெற்ற கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை இடுக்கி மலைகளில் இறக்கிவிட்டு, மலைத்தொடர் தாழும் இடங்களில் நெருக்கப்பட்டு வேகம் கூடி இப்பக்கம் வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை இதன் பருவம். ஆடியில் வாழைக்கு முட்டுக்கொடுக்கும் விவசாயிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் 'பலத்த காற்று' என்ற அனுபவத்தை வைத்துக்கொண்டு காற்றாலை நட முடியாது; வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற எண் வேண்டும்.

கருவியும் திருத்தமும்

அயர்லாந்தைச் சேர்ந்த வானியலாளர் தாமஸ் ராம்னி ராபின்சன் 1846-இல் நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானியை உருவாக்கினார். இன்று பெரும்பாலும் மூன்று கிண்ணங்களே உள்ளன. சுழற்சி எண்ணிக்கையை ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொரு சிறு மாறிலியைக் கூட்டினால் காற்றின் வேகம் கிடைக்கும். இரண்டாவது மாறிலிக்கு ஒரு காரணம் தாங்கியின் உராய்வு. மெல்லிய காற்றில் கிண்ணங்கள் அசையாமலே நிற்பது இதனால்தான்.

இந்த இரு மாறிலிகளைக் கண்டறிவதே அளவுத்திருத்தம். கருவியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, வினாடிக்கு 4 முதல் 16 மீட்டர் வரை வேகத்தைப் படிப்படியாக மாற்றி, பிட்டோ குழாய் காட்டும் வேகத்தோடு ஒப்பிடுவர். பிட்டோ குழாய் எதிர்வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. அந்த அழுத்தம் காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது சுமார் 60 பாஸ்கல், அதாவது 6 மி.மீ. நீரின் உயரம் மட்டுமே. இவ்வளவு சிறிய அழுத்தத்தை அளப்பதால் சுரங்கத்தின் வெப்பநிலை, வளிமண்டல அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருத்திய கருவியும் அப்படியே இருப்பதில்லை. செம்மண் தூசி தாங்கியில் புகுந்தால் அது மெதுவாகச் சுழன்று குறைவாகக் காட்டும். திடீர் வீச்சுகளில் எதிர்மாறான பிழை நேரும். கிண்ணங்கள் வேகம் எடுப்பது விரைவு, தணிவது தாமதம். எனவே சராசரி சற்றுக் கூடிவிடும்.

பிழையின் விலை

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். கருவி 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டினால், காற்றில் உள்ள ஆற்றலை ஏறக்குறைய 16 விழுக்காடு மிகையாக மதிப்பிடுவோம். வங்கிக் கடன் வாங்கிக் காற்றாலை நடுபவருக்கு இது சிறிய தொகை அல்ல.

அடர்த்தியையும் மறக்கக் கூடாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், 30 பாகை செல்சியசில், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.11 கிலோகிராம். பட்டியல்களில் வழக்கமாக வரும் 1.225-ஐவிட இது 9 விழுக்காடு குறைவு.

வேக வரம்புகள்

பெரும்பாலான காற்றாலைகள் வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டரில் மின்சாரம் தரத் தொடங்குகின்றன. 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கி.மீ. வேகத்தை, ஒட்டி நின்றுவிடுகின்றன. இறகுகள் மீதான விசை வேகத்தின் இருமடியாக உயர்வதால் இந்த மேல்வரம்பு. கருவி 10 விழுக்காடு குறைவாகக் காட்டினால், 25 என்று காட்டும்போது உண்மை வேகம் 27.8 ஆக இருக்கும். விசை ஏறக்குறைய 23 விழுக்காடு கூடியிருக்கும். போதாக்குறைக்கு, ஆலையின் உச்சியிலுள்ள வேகமானி சுழலும் இறகுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே கலங்கிய காற்றே வருவதால் அதற்கெனத் தனித் திருத்தம் தேவை.

கிளைடரில்

இயந்திரமில்லா வானூர்தியான கிளைடரின் வேகமானி பிட்டோ குழாய் வகையே. அது அழுத்தத்தைத்தான் உணர்கிறது. ஆகவே அடர்த்தி குறைந்தால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். மேகமலையின் உயரமான சுமார் 1,500 மீட்டரில், 100 என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 108.

இறக்கை தாங்குதிறன் இழக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கு இது தொல்லை இல்லை. அதுவும் அழுத்தத்தைப் பொறுத்ததே. எப்போதும் மீறக் கூடாத வேகத்தின் கதை வேறு. ஏஎஸ்கே 21 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடருக்கு அது மணிக்கு 280 கி.மீ.; வேகமானியில் சிவப்புக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். இறக்கை தானாக அதிரத் தொடங்கும் ஆபத்து உண்மை வேகத்தோடு தொடர்புடையது. எனவே உயரே செல்லச் செல்ல, கருவியில் காட்டக்கூடிய உச்ச வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கான அட்டவணை விமானி அறையிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

இக்கருவியைச் சோதிக்கக் காற்றுச் சுரங்கம் வேண்டியதில்லை. நீர் நிரப்பிய 'ப' வடிவக் குழாயை இணைத்து மெல்ல அழுத்தம் கொடுத்தால் போதும். நீர்மட்ட வேறுபாடு 48 மி.மீ. ஆகும்போது முள் 100 கி.மீ. காட்ட வேண்டும், 193 மி.மீ. ஆகும்போது 200. அழுத்தத்தை அப்படியே நிறுத்தி வைத்தும் முள் இறங்கினால், குழாய் இணைப்பில் எங்கோ கசிவு இருக்கிறது.