மரங்கொத்தியின் தலை ஒரு சம்மட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருட்டாலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தோப்புகள் வந்துவிடும். தென்னை மரத்தில் வாலை முட்டுக்கொடுத்து நின்றபடி எறும்புக்கும் வண்டுப் புழுவுக்கும் பட்டையைக் கொத்துகிறது பொன்முதுகு மரங்கொத்தி. திருவள்ளூர் வட்டாரத்தில் எளிதாகக் கண்ணில் படும் பறவை. இத்தனை அடி அடித்தும் அதற்குத் தலை கலங்காதா?

அமெரிக்க மருத்துவர் பிலிப் மே 1970களில் இதை ஆராய்ந்தார். அவர் குழு படம்பிடித்த ஒரு மரங்கொத்தியின் அலகு வினாடிக்கு 6, 7 மீட்டர் வேகத்தில் மரத்தில் மோதியது. மோதி நிற்கும் கணத்தில் தலை தாங்கும் வேகக்குறைப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

அலகுக்குப் பின்னாலுள்ள பஞ்சு போன்ற எலும்பும், மண்டையைச் சுற்றி ஓடும் நாக்கெலும்பும் அதிர்ச்சியை உறிஞ்சிவிடுகின்றன என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பாடநூல் போலப் பரவிய விளக்கம் அது. 2022இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் குழு மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தது. அலகு நின்ற அதே கணத்தில் மண்டையும் நின்றது. நடுவில் எதுவும் அமுங்கவில்லை.

யோசித்தால் அதுதான் நியாயம். முகத்தில் ரப்பர் ஒட்டிய சம்மட்டியால் எந்தப் பட்டறையிலும் இரும்பு அடிக்க மாட்டார்கள். அடியின் ஒரு பங்கை ரப்பரே தின்றுவிடும். பறவையும் அப்படித்தான்: தலைக்குள் மெத்தை இருந்தால், அதே ஆழம் துளைக்க இன்னும் பலமாகக் கொத்த வேண்டியிருக்கும்.

மூளையைக் காப்பது அதன் சிறுமை. எடை சில கிராம்தான். உருவம் சிறுக்கும்போது பரப்பைவிட நிறை வேகமாகக் குறைவதால், திசுவில் ஏறும் அழுத்தமும் குறைகிறது. மோதல் ஓரிரு மில்லி வினாடியில் முடிந்துவிடுவதும், தலை திருகாமல் நேர்கோட்டில் போய்வருவதும் கூடுதல் துணை.

மனித மூளையோ சுமார் 1,400 கிராம். நமக்கு மெத்தை கட்டாயம் வேண்டும். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் படித்த இந்திய வடிவமைப்பாளர் அனிருத்த சுரபி, மரங்கொத்தியைப் பார்த்து அட்டை அடுக்குகளால் சைக்கிள் ஹெல்மெட் செய்தார். பறவை பற்றிய பழைய விளக்கம் ஆட்டம் கண்டாலும் அவர் வேலை வீணில்லை. அட்டை நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்வது உண்மை. மே சுட்டிய நேர்கோட்டுப் பாடமும் அதே அளவு முக்கியம்: தலையைத் திருகும் மோதல்தான் மனித மூளையை அதிகம் கிழிக்கிறது. அதனால் இன்று சில ஹெல்மெட்டுகளின் உள்ளே வழுக்கி நகரும் அடுக்கு ஒன்றையும் வைக்கிறார்கள்.

ஷிப்ட் முடிந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் பைக்கில் திரும்பும் தொழிலாளியின் ஹெல்மெட்டில் அந்த மெத்தை வேலையைச் செய்வது தெர்மாகோல். ஒருமுறை நசுங்கினால் அது பழைய நிலைக்கு மீளாது. பலமாக மோதிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றப்பட வேண்டியதே.