புதிய நாய் வீட்டிற்குப் பழகும் காலம்

விலங்குக் காப்பகத்திலிருந்து நாய் ஒன்றைத் தத்தெடுத்து வரும் நாள் பெரும்பாலும் கொண்டாட்டமாகவே கழிகிறது. அண்டை வீட்டார் வந்து பார்க்கின்றனர். குழந்தைகள் மாறி மாறித் தூக்குகின்றனர். நாயோ கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு உணவைத் தொடுவதில்லை. இரண்டாம் வாரத்தில் செருப்பைக் கடிக்கிறது. கதவோரம் சிறுநீர் கழிக்கிறது. “இது நமக்கு ஒத்துவராது, திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்ற பேச்சு எழுவது அப்போதுதான். உண்மையில், ஒடுங்கிக் கிடந்த நாய் அச்சம் தணிந்து தன் இயல்பைக் காட்டத் தொடங்குவதும் அப்போதுதான்.

நாய் வளர்ப்போரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. அச்சம் தணிய மூன்று நாள். வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம். இது தன் இடம் என உணர மூன்று மாதம். எல்லா நாய்களுக்கும் இது அப்படியே பொருந்துவதில்லை. புனேயில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் எங்கள் வீட்டிற்கு வந்த நாட்டு நாய், கட்டிலடியை விட்டு வெளிவரவே ஆறு நாள் ஆயிற்று.

முதல் நாள்களில் விருந்தினரைத் தவிர்த்து, நடமாட்டம் குறைந்த ஒரு மூலையைப் படுக்கைக்கு ஒதுக்குங்கள். காப்பகத்தில் அது படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வருவது நல்லது. பழகிய மணம் அதற்கு ஆறுதல் தரும். அங்கு உண்ட உணவையே முதலில் கொடுத்து, ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். பாசத்தால் ஊட்டுபவர்கள் அவர்களே!

உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்திற்கு வெளியே அழைத்துச் சென்றால் கழிப்பிடப் பழக்கம் வரும். வீட்டினுள் கழித்துவிட்டதற்காக அடித்தால், நம் கண்ணுக்குத் தெரியாமல் கழிக்கவே அது கற்றுக்கொள்ளும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது. கழுத்தைக் கட்டி அணைக்கக் கூடாது. அது தானே அருகில் வரட்டும். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதனை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இன்றியே கடிக்கக்கூடும். சிறு கடியோ கீறலோ ஆனாலும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி விவரத்தை உறுதிசெய்துகொள்வதும், உள்ளாட்சி அமைப்பில் உரிமம் தேவையா என விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

பணிக்குச் செல்வோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை நாயை அழைத்து வந்து, இரு நாள் முழுதும் உடனிருந்துவிட்டு, திங்கட்கிழமை ஒன்பது மணி நேரம் தனியே பூட்டிச் செல்கின்றனர். நாய் கதவைப் பிறாண்டி ஊளையிடுகிறது. மாலையில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து புகார் வருகிறது. முதல் நாளிலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என வெளியே சென்று திரும்பிப் பழக்க வேண்டும். இயன்றால் ஒரு வாரமாவது விடுப்பு எடுங்கள்.

நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். தடுப்பூசி, உணவு, எதிர்பாராத அறுவை சிகிச்சை ஆகியவற்றிற்குத் தனியே ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவது உதவும். பணியிட மாறுதல் வரும் குடும்பங்கள், நாயையும் உடன் அழைத்துச் செல்ல இயலுமா என முன்பே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். வளர்க்க இயலாத நிலை வந்தால் தெருவில் விடாமல், தத்துக் கொடுத்த காப்பகத்தையே முதலில் அணுகுங்கள்.