பொம்மைப் போர்க்களத்தில் வரலாறு எங்கே தப்புகிறது? வெலிங்டன் முதல் ரோமப் படை வரை... ஒரு விளக்கம்

மலை ரயிலில் ஊட்டிக்குப் போகிறவர்கள் குன்னூரைத் தாண்டியதும் வெலிங்டன் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். ராணுவ முகாம் இருக்கும் ஊர். பக்கத்துப் படுகர் கிராமத்தின் பெயரால் முதலில் ஜெகதளா என்றுதான் அழைக்கப்பட்டது. பிறகுதான் 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் பெயர் வந்தது.

இந்த வெலிங்டன் பிரபுவுக்கு ஒரு பொம்மை செட் சுத்தமாகப் பிடிக்காமல் போனது. ஒரு பழைய போரை சின்னச் சின்ன பொம்மைகளால் சரியாகக் காட்ட முடியுமா என்ற கேள்விக்கு அந்தச் சண்டையில் இருந்தே தொடங்கலாம்.

டயோரமா என்றால் என்ன?

நவராத்திரி கொலுவில் படிகளுக்குக் கீழே பார்க், கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் மைதானம் என்று செட் போடுவோமே, அதேதான். ஒரு காட்சியைச் சின்ன உருவங்களால் அப்படியே நிறுத்திக் காட்டுவதற்குப் பெயர் டயோரமா. மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குப் பிடித்த விஷயம் போர்க்களம், அதிலும் ரோமப் படைக்கும் ஜெர்மானியப் பழங்குடிகளுக்கும் நடந்த சண்டை.

கொலுவில் கிரிக்கெட் செட்டில் பதினைந்து ஃபீல்டர் நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை. மியூசியம் டயோரமா அப்படி இல்லை. பார்க்கிற குழந்தை 'இப்படித்தான் நடந்தது' என்று மனசில் படம் பிடித்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் ஒரு வரி தப்பாக இருந்தால் மறந்துவிடும், இது மறக்காது.

வெலிங்டனுக்கு என்ன கோபம்?

வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்கு 1830-ல் வாட்டர்லூ போரை மாடலாகச் செய்யும் வேலை கிடைத்தது. மனுஷன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போர் நடந்த இடத்தில் இருந்த பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 'ஜூன் 18 மாலை 7 மணி வாக்கில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது? எதிரில் யார் இருந்தார்கள்? வயலில் என்ன பயிர்?' என்று கேட்டார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. நடுவில் அரசு பணத்தை நிறுத்தியும் கடன் வாங்கி முடித்தார். 1838-ல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வந்த அந்த மாடலில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள்.

பிரச்னை வந்தது பிரஷ்யப் படையால். வெலிங்டனுக்கு உதவியாக வந்த அந்தப் படையை, வெற்றிக்குப் பெரிய காரணமாகத் தெரிகிற இடத்தில், பெரிய எண்ணிக்கையில் சைபோர்ன் நிறுத்தியிருந்தார். வெலிங்டன் தரப்பு அதை ஏற்கவில்லை. கடைசியில் ஆயிரக்கணக்கான பிரஷ்ய பொம்மைகளை சைபோர்னே எடுத்துவிட்டார். அந்த மாடல் இன்றைக்கும் லண்டன் தேசிய ராணுவ மியூசியத்தில் இருக்கிறது, பொம்மைகள் குறைக்கப்பட்ட நிலையில்!

ஆனால் வெலிங்டன் சொன்ன இன்னொரு குறையில் நியாயம் இருக்கிறது. ஒரு மாடலால் ஒரு நொடியைத்தான் காட்ட முடியும். இதிலோ ஒவ்வொரு அதிகாரியும் தன் படை எங்கே நின்றால் பெருமையோ அங்கேயே நின்றதாக எழுதியிருக்கிறார், எல்லாம் சேர்ந்து முழுப் போரும் ஒரே நேரத்தில் நடப்பது போல ஆகிவிட்டது என்றார்.

நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த நிலைமை. 2,000 வருடத்துக்கு முந்தைய போர் என்றால்?

காட்டுக்குள் காணாமல் போன 3 படைகள்

கி.பி. 9. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலம். ஆளுநர் வாருஸ் தலைமையில் 17, 18, 19 என்ற எண் கொண்ட மூன்று லீஜியன்கள் இன்றைய வட ஜெர்மனி வழியாகப் போய்க்கொண்டிருந்தன. வழிமறித்தவர் அர்மீனியஸ். செருஸ்கி இனத்தைச் சேர்ந்தவர், ஆனால் ரோமக் குடியுரிமை வாங்கி ரோமப் படையிலேயே வேலை பார்த்தவர். மூன்று படையும் அழிந்தது. அந்த மூன்று எண்களை ரோம் அதற்குப் பிறகு வேறு எந்தப் படைக்கும் வைக்கவே இல்லை.

இதற்கு 'டியூட்டோபர்க் காட்டுப் போர்' என்று பெயர். டயோரமா செய்பவர்களின் ஃபேவரைட். கொட்டும் மழை, சேறு, அடர்ந்த காடு, கொம்பு வைத்த ஹெல்மெட்டோடு பாய்கிற ஜெர்மானியர்கள்... செம காட்சி. இதில் எவ்வளவு உண்மை?

முதலில் ஹெல்மெட். ஜெர்மானிய வீரர்களில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தலைக்கவசமே இருந்தது என்று ரோம எழுத்தாளர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் கையில் ஒரு ஈட்டி, சாயம் பூசிய கேடயம், உடம்பில் லேசான போர்வை. சிலர் தலைமுடியைப் பக்கவாட்டில் கொண்டையாக முடிவார்கள் என்றும் சொல்கிறார். 1948-ல் ஜெர்மனியின் ஓஸ்டர்பியில் சதுப்பு நிலத்துக்குள் கிடைத்த ஒரு மண்டை ஓட்டில் அந்தக் கொண்டை அவிழாமல் அப்படியே இருந்தது! ஆக, கொண்டை சரி. கொம்பும் இறக்கையும் பிற்காலக் கற்பனை. 1875-ல் டெட்மோல்ட் ஊருக்குப் பக்கத்தில் அர்மீனியஸுக்கு வைத்த பிரம்மாண்ட சிலையிலேயே இறக்கை வைத்த ஹெல்மெட் இருக்கிறது. அதைப் பார்த்துப் பொம்மை செய்தால் பொம்மையிலும் இறக்கை முளைக்கும்.

அடுத்து மழை. புயலும் மழையும் பற்றி விரிவாக எழுதியவர் காசியஸ் டியோ. அவர் வாழ்ந்தது போருக்கு சுமார் 200 வருடம் கழித்து. நம்மில் ஒருவர் இன்று உட்கார்ந்து வேலூர் கோட்டைக் கலகம் நடந்த அன்றைய வானிலையை எழுதுவது போல.

ஒரு மெட்டல் டிடெக்டர் மாற்றிய கதை

1987 வரை போர் நடந்த இடமே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த வருடம் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் அருகே கால்க்ரீஸ என்ற இடத்தில் மெட்டல் டிடெக்டரோடு நடந்தார். ரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அடுத்து ஈயத்தால் செய்த கவண் குண்டுகள். குண்டு கிடைத்ததும் கதை மாறிவிட்டது. காசு வியாபாரியிடமும் இருக்கும், கவண் குண்டு படையிடம்தான் இருக்கும்.

இடத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் சதுப்பு நிலம், நடுவில் குறுகலான வழி. மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் ஒரு மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? முன்னாடி போன பஸ்ஸும் நகராது, பின்னாடி வந்த லாரியும் திரும்ப முடியாது. கிலோமீட்டர் கணக்கில் நீண்ட படைக்கு அங்கே அந்த நிலைமைதான்.

1989-ல் இருந்து நடக்கும் அகழாய்வில் வந்தவை ஒவ்வொன்றும் ஒரு கதை. வெள்ளித்தகடு உரித்து எடுக்கப்பட்ட இரும்பு முகமூடி. கழுத்து மணிக்குள் சத்தம் வராமல் இருக்க வைக்கோல் திணித்த ஒரு கோவேறு கழுதையின் எலும்புக்கூடு. மனித எலும்பும் கழுதை எலும்பும் கலந்து புதைத்த குழிகள். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த பிறகே அந்த எலும்புகள் புதைக்கப்பட்டன என்று ஆய்வில் தெரிந்தது. போர் முடிந்து ஆறு வருடம் கழித்து வந்த ரோமப் படை எலும்புகளைத் திரட்டிப் புதைத்தது என்று டாசிட்டஸ் எழுதியதோடு இது பொருந்துகிறது.

2018-ல் பட்டை பட்டையான இரும்புத் தகடுகளால் ஆன ரோமக் கவசம் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்தது. சினிமாவில் ரோம வீரன் என்றாலே போட்டிருப்பானே, அந்த வகை. இந்த வகைக் கவசம் அகஸ்டஸ் காலத்துக்குப் பிறகு வந்தது என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். அதனால் அந்தப் போருக்கு இரும்பு வளையச் சட்டை போட்ட பொம்மைகள்தான் 'சரி' என்று இருந்தது. கால்க்ரீஸ மண் அதை மாற்றிவிட்டது.

இன்னொன்றும் மாறியது. அங்கே ஒரு நீண்ட மண் மதில் கிடைத்தது. ஜெர்மானியர்கள் ஒளிந்து தாக்கக் கட்டியது என்றார்கள். அப்படியே டயோரமாக்களும் வந்தன. இப்போது சில ஆய்வாளர்கள், அது ரோமர்களே அவசரமாகப் போட்ட முகாமின் சுவராக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் மதிலுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பொம்மையையும் எடுத்து முன்னால் வைக்க வேண்டும்!

இவ்வளவு நுணுக்கமாகப் பேச முடிவதற்குக் காரணம் கிடைத்த பொருட்கள் மட்டும் இல்லை. எந்தக் குண்டு, எந்த ஆணி எந்த இடத்தில் கிடந்தது என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார்கள். கூட்டம் எங்கே நெருங்கியது, எங்கே சிதறியது என்பது அந்த வரைபடத்தில்தான் தெரிகிறது.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீலகிரி மலையை விட்டு இறங்கி கோவை போனால் நொய்யல் கரையில் வெள்ளலூர். அங்கே 1842-லும் பிறகு பலமுறையும் ரோம வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து வந்த டைபீரியஸ் காசுகள். ஒரு பக்கம் அகஸ்டஸ் தலை, மறுபக்கம் கேடயத்தோடு நிற்கும் இரண்டு இளைஞர்கள் (அவரது பேரன்கள்) உள்ள காசு இந்தியாவில் நிறையக் கிடைத்த வகை. கால்க்ரீஸ போர்க்களத்திலும் கிடைத்தது அதே வகைதான். ஒரே காலத்துக் காசு, அங்கே செத்துப்போன சிப்பாயின் பையில், இங்கே மிளகு வாங்கிய வியாபாரத்தில்.

தமிழ் பி.ஏ. படித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக்கு யவனர்கள் காவல் இருப்பார்கள். அதை டயோரமாவாகச் செய்கிறவர் ரோமக் கவசத்தை மாட்டிவிடத் துடிப்பார். பாட்டு சொல்வதோ சட்டை போட்ட ஆட்களை. கவசம் இல்லை.

நீலகிரியின் மண் வீரர்கள்

சரி, நீலகிரியின் பழைய வீரர்களை டயோரமா செய்ய முடியுமா? நம்மிடம் இன்னும் பெரிய ஆதாரம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களே செய்த பொம்மைகள்!

மலை உச்சிகளில் இருக்கும் பழைய ஈமக் கல்வட்டங்களுக்குள் இருந்து அடுக்கடுக்கான பானைகளும், அவற்றின் மூடிகளில் ஒட்டிய சுடுமண் உருவங்களும் வந்தன. பெரிய கொம்பு எருமை, குதிரை, யானை, குதிரை மேல் உட்கார்ந்த ஆள். கூடவே இரும்பு ஈட்டிமுனை, குத்துவாள், வெண்கலக் கிண்ணம், தங்க நகை. சென்னை எழும்பூர் மியூசியத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இவை இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் தோண்டப்பட்டது. கேப்டன் காங்கிரீவ் 1840-களில் தோண்டி, தோடர்களை மத்திய ஆசிய சிதியர்களோடு முடிச்சுப் போட்டார். வேறு சில ஆங்கிலேயர்கள் தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையை ரோமர்களின் டோகாவோடு ஒப்பிட்டார்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நிறைய கல்வட்டங்களைத் திறந்தார். ஊட்டி பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக வந்ததுதான். அவர் இறந்த பிறகு 1873-ல் வெளியான புத்தகம்தான் இன்றும் முக்கிய ஆதாரம். காங்கிரீவை விட அவர் கவனமானவர். இருந்தாலும் எந்தக் குதிரைவீரன் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்த ஈட்டிக்குப் பக்கத்தில் கிடந்தான் என்ற விவரம் பல பொருட்களுக்கு இல்லை. பொழுதுபோக்குக்காகத் தோண்டியவர்கள் அதுவும் எழுதி வைக்கவில்லை.

அதனால்தான் இவற்றைச் செய்தவர்கள் யார், எந்த நூற்றாண்டு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. குதிரை மேல் இருப்பவன் இறந்துபோன வீரனா, தலைவனா, சாமியா? பொம்மை கையில் இருக்கிறது. பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதற்கான ஆதாரம் போய்விட்டது. கால்க்ரீஸவில் இருப்பதும் இங்கே இல்லாததும் அதுதான்.

எஸ்டேட்டில் ஏதாவது கிடைத்தால்?

தேயிலை நடும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய பானை, உருவம், காசு தட்டுப்பட்டால் வெளியே எடுத்துக் கழுவ வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே போட்டோ எடுங்கள். மண்ணுக்கு எவ்வளவு கீழே, பக்கத்தில் என்ன இருந்தது என்பது தெரிகிற மாதிரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அப்புறம் போட்டுக்கலாம். 1878-ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் ஆபீஸில் சொன்னால் அவர்கள் மேலே கொண்டுபோவார்கள்.